மூன்றாவது கட்டுரையை எடுக்காதே

அன்பு மகள் தனுஜாவுக்கு,

அப்பா முனியாண்டி, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். குளிர்தான் அதிகம். நீ கோலாலம்பூரில் நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதத்துக்கு இது மூன்றாம் நாள். "கொழுந்துகூட இதுக்குள்ள ஒரு சுத்து வந்துரும், உங்க கடுதாசி வரமாட்டேங்குது" என்கிறாள் அம்மா. சிரிக்கட்டும். எழுபத்து மூன்று வயதில் வந்த படிப்பு, மெதுவாகத்தான் நடக்கும். போன வாரம் உன் அண்ணன் தினேஸ்வரனின் லாரியில் கம்போங் ராஜா வரை போனேன். தமிழில் பலகை கண்ட இடமெல்லாம் சத்தமாகப் படித்தேன். கோயில், மளிகைக் கடை, முடிவெட்டும் கடை, ஒன்றையும் விடவில்லை. "அப்பா, கொஞ்சம் மூச்சு விடுங்க லா" என்றான் அவன்.

உன் படிப்பு விஷயத்தைப் போனில் சொல்லாமல் எழுதி அனுப்பச் சொன்னேன், நீயும் அனுப்பினாய். யாரிடமும் கொடுக்காமல் நானே இரண்டு மாலை உட்கார்ந்து படித்தேன். ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்த மூன்று கட்டுரைகளைச் சேர்த்து, முன்னால் புதிதாக ஒரு பகுதி எழுதி, டாக்டர் பட்டத்துக்குக் கொடுக்கப்போகிறாய். பல்கலைக்கழகம் அதைப் புத்தகமாக வெளியிடும். மூன்றாவது கட்டுரை, நம் தோட்டத்தில் களை மருந்து அடித்த பெண்களைப் பற்றியது. அது பொய் என்று தோட்டத்தை நடத்தும் துரை பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார். அதை எடுத்துவிட்டு வேறொன்று எழுதினால் இரண்டு வருடம் தள்ளிப்போகும், ஆனால் தோட்டம் கொடுத்த எங்கள் வீட்டுக்கு ஆபத்து வராது என்கிறாய்.

அச்சில் வந்ததை மறுபடி எதற்கு அச்சடிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கோயில் மண்டபத்தில் எங்களுக்குப் பாடம் எடுக்கும் நளினி டீச்சரிடம் கேட்டேன். "தனித்தனியா கெடந்தா யாரும் பார்க்கமாட்டாங்க ஐயா. ஒண்ணா கட்டினாத்தான் கண்ணுல படும்" என்றார். துரையின் பயமும் அதுதான். வெளிநாட்டுப் பத்திரிகையில் இரண்டு வருடமாகக் கிடந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி லிங்கேஸ்வரன் நம் வீட்டுக்கு வந்தார். நம் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "பெரியவரே, மருந்து டின்னுல தமிழ்ல எச்சரிக்கையே இல்லேன்னு உங்க மக எழுதியிருக்கு. இருக்கு லா. பழைய டின்ன துரை போட்டோ புடிச்சு அனுப்பிட்டாரு. எடுக்கச் சொல்லுங்க. வயசான காலத்துல வீடு மாத்துறது சிரமம்." சாட்சிக்கு அந்தப் படத்தில் ஒரு பிரதியையும் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இருட்டும்வரை ஆனது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். தோலில் பட்டால் உடனே கழுவ வேண்டும். எல்லாம் நல்ல தமிழில் இருக்கிறது, தனுஜா. களை மருந்து ஸ்டோரில் இருபத்தாறு வருடம் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் மருந்தைக் கலந்தேன். கம்பெனியின் பெயரை நாலு பாஷையில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நீ வந்து கேட்டபோது, "தமிழ்ல எச்சரிக்கை ஒண்ணும் இல்லம்மா" என்று சொன்னவன் நான். நீ அப்பாவை நம்பி எழுதினாய். துரை சொல்வது சரி. நாம் எழுதியது தப்பு.

ஆனால் தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். அந்த நாளில் ஸ்டோர் வாசலில் பெயர் கூப்பிட நின்றவர் இதே லிங்கேஸ்வரன்தான். பத்தொன்பது பெண்கள் மருந்தடிக்கும் பம்புக்காக வரிசையில் நிற்பார்கள். தமிழ்ப் பேப்பரை எங்களுக்கு அவர் உரக்கப் படித்துக் காட்டுவார். தேர்தல், கொலை, சினிமா, எல்லாம் வரும். பக்கத்திலிருந்த டின்னை ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை. எங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா? சம்பள நாளில் எங்கள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவரே அவர்தானே.

தமிழ் இல்லை என்பதைவிட, தமிழ் இருந்தது என்பதுதான் அவர்களுக்குக் கெடுதல். அதற்குச் சாட்சியையும் துரையே அனுப்பியிருக்கிறார். பத்திரமாக வைத்துக்கொள்.

அச்சான கட்டுரையில் ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தாய். மாற்றாதே, தப்போடு அப்படியே இருக்கட்டும். முன்பகுதி புதிதாக எழுதுவதுதானே? அதில் எழுது: எச்சரிக்கை தமிழில் இருந்தது, படிக்கத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்லவில்லை. கட்டுரையில் நான் வெறும் "தொழிலாளி நான்கு". அது எனக்கு வேண்டாம். தப்பாகச் சொன்னது முனியாண்டி, இப்போது திருத்துவதும் முனியாண்டி என்று போடு. பெயரை மறைப்பதுதான் சட்டம் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. கம்போங் ராஜாவில் தினேஸ்வரன் ஓர் அறையைக் காலி செய்துவிட்டான். கோழிக்கூண்டையும் லாரியில் ஏற்றலாம் என்கிறான். கிராணிக்கும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். "என் மகள் எடுக்க மாட்டாள்." அவ்வளவுதான். இரண்டு தடவை படித்துவிட்டு, "பெரியவரே, இத நீங்களா எழுதுனீங்க?" என்றார். ஆமா லா என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது.

அம்மாவின் விரலில் இன்னும் இரண்டு நகம் விழுந்துவிட்டது. உனக்கு எழுத வேண்டாம் என்றாள். அந்த நாளில் தினமும் காலையில் அவள் முதுகில் பம்பைத் தூக்கி வைத்தது யார் என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கிராணி வந்துபோன அன்று நான் படத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். கம்பெனி பேரு என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்த்து உட்கார என்னால் முடியவில்லை. அவளுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும், தனுஜா. வெறும் படத்தை வைத்துக்கொண்டு என்னால் முடியாது. என் பெயரும் போட்டு நீ எழுதிய பக்கம் கையில் இருந்தால் முடியும். சீக்கிரம் அனுப்பு. மாரியம்மன் உன் கைக்குள் இருந்து எழுதுவாள்.

உன் அப்பா,
முனியாண்டி