அம்புக்கார ராஜர் இங்கே இல்லை

யார்க் நகரம், மிக்கேல் திருநாளுக்கு மறுநாள்.

அன்பு மனைவி அவிஸுக்கு, உன் ராஜர் ஒரு துறவியிடம் சொல்லி எழுதவைப்பது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

போன மாதம் ஓர் எழுத்தர் வீடு வீடாகப் பெயர் பதிய வந்தார். எங்கள் சந்தில் மட்டும் நான்கு ராஜர்கள். அதனால், "ஏன்யா, நீ என்ன வேலை செய்யிற?" என்று கேட்டு, தொழிலையும் பெயரோடு சேர்த்து எழுதினார். இதெல்லாம் எதற்கு என்று எனக்குச் சந்தேகம். நான் அம்பு செய்கிறவன் என்று சொன்னால் போருக்கு இழுத்துப் போவார்கள். "சமையல்காரனுங்க" என்றேன். இப்போது ஊரே என்னைச் சமையல்கார ராஜர் என்கிறது. "நீ முட்டை அவிச்சாலே கருகுமேய்யா!" என்று பக்கத்து வீட்டுத் தச்சன் சிரிக்கிறான்.

நேற்று பச்சை நூல் சுற்றிய பொட்டலம் ஒன்றோடு குதிரையில் ஒருவன் வந்து, "அம்புக்கார ராஜர் வீடு எதுங்க?" என்றான். வேவு பார்க்கிறானோ என்று, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று அனுப்பிவிட்டேன்.

குளிர் வருகிறது, கம்பளிக் காலுறை அனுப்பு. கொண்டு வருகிறவனிடம் சமையல்கார ராஜர் என்றே சொல்லியனுப்பு. துறவி கிளம்ப எழுந்துவிட்டார். ஒன்றே ஒன்று: பச்சை நூல் சுற்றிய பொட்டலம் எதுவும் நீ ஏற்கெனவே கொடுத்தனுப்பவில்லையே?