லாரி வரும் வரை

கொரட்டூர், ஜூன் 1993

அன்புள்ள பார்வதம்,

உன் அம்மா வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

உன் பாலர் கல்வித் திட்டத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஒரு அம்மா நேற்று வந்தார். தாய்மார்கள் இரவில் பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கதை வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். நீ அதைத் தண்ணீர் லாரி வரிசைக்கு மாற்றியதைக் கண்ணால் பார்த்தார். குடங்கள் இடம் பிடித்து நிற்க, பெண்கள் மர நிழலில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊட்ல நேரம் எங்கம்மா கீது? லாரி வர்ற வரிக்கும் இங்க சும்மாத்தானே குந்திகினு கீறோம்!" என்றாள் நாகம்மா.

வந்த அம்மா அசந்துபோய், இது யார் யோசனை என்று கேட்டார். "என் சம்சாரம்" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

நீ கோபித்துக்கொண்டு போனதை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு குடமே போதும். ஆனாலும் லாரி வரும் நாளெல்லாம் உன் பச்சைக் குடத்தையும் வரிசையில் வைக்கிறேன். உன் இடம் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு குடமும் தூக்குகிறவன்