எந்தப் பக்கத்துக்கு மார்க்

இன்று காலை கிளினிக்கில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். உன் நாற்காலியில் இப்போது உட்காரும் ஷீலா, கம்ப்யூட்டரோடு வந்த அந்த நீல அட்டைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பிரித்ததுமே உன் தலைவலித் தைலத்தின் வாசம். நெற்றியில் தடவிய விரலாலேயே பக்கம் புரட்டுவாய் நீ. உன்னைப் புதைத்து நாலு மாதம் ஆகிறது. தாளை விட்டு வாசம் இன்னும் போகவில்லை.

"அக்கா, இதுல தமிழ்ல பென்சில்ல என்னமோ எழுதியிருக்குலா. எனக்குப் படிக்க வராது. கொஞ்சம் சொல்லுங்களேன்."

மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை. நேற்று புது ஹார்ட் டிஸ்க் வந்ததாம். புத்தகத்தைப் பார்த்து எல்லாம் செய்துவிட்டாளாம். கம்ப்யூட்டர் எழவில்லை. நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினேன். உன் கையெழுத்துதான். இரண்டு வரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ எழுதியிருக்கிறாய். அது உனக்கு மறந்திருக்காது. நான் மறந்துவிட்டதாக நீ நினைத்திருக்கலாம். மறக்கவில்லை.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் டாக்டர் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கச் சொல்லி நச்சரித்தது நீ. நோயாளிகளின் அட்டைகளைக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து எட்டு மாதம் உட்கார்ந்து தட்டினாய். முடிந்ததும் டாக்டர் அட்டைகளைக் கொளுத்தச் சொன்னார். பின்பக்கம் தகர டின்னில் போட்டுக் கொளுத்தியவள் நான். என் அம்மா மாரியாயியின் அட்டையும் அதில் போனது. பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்த அட்டை. கம்ப்யூட்டரில் இருக்கு, பயப்படாதே என்றாய்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி சத்தம் போட்டு நின்றது. சனிக்கிழமை கடை ஆள் வந்து புதுசு ஒன்றை மாட்டினான். "மிச்சம் யூ பாலோ புக், ஈசி லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வாராவாரம் நீ பன்னிரண்டு டிஸ்கெட்டில் எல்லாவற்றையும் எடுத்து பிஸ்கட் டின்னில் வைத்திருந்ததால் நமக்குப் பெரிய பயமில்லை. அப்படித்தான் நினைத்தோம்.

ஞாயிறு நீ மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. நான் தஞ்சோங் ரம்புத்தானில் பஸ் ஏறி ஈப்போ வந்து கிளினிக் கதவைத் திறந்துவிட்டேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு டாக்டர் வருவார். அதற்குள் எழ வேண்டும். எழாவிட்டால் வேலையை விட்டு நிறுத்துவேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எட்டு மாதச் சம்பளம் எதற்குக் கொடுத்தேன் என்று கேட்பார்.

புத்தகத்தைப் படித்துப் படித்து எனக்கும் சொன்னாய். புது டிஸ்க் பெரிசு. ஒரே துண்டாக வைத்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒத்துக்காது. இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் பக்கத்தில் கம்ப்யூட்டரை எழுப்புகிற சாமான். இரண்டாவது பக்கத்தில் அட்டைகள்.

"ஒரே வீட்ல ரெண்டு குடித்தனம் மாதிரியாடி?"

"ஆமா. சுவர் எழுப்பியாச்சு. இனி சண்டை வராது."

பிரித்தாய். டிஸ்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு இரண்டாம் பக்கத்தில் ஏற்றினாய். ஏழாவது டிஸ்கெட் மட்டும் முரண்டு பிடித்தது. கரகரவென்று அரைத்தது. வெளியே எடுத்து ஊதினாய், திரும்பப் போட்டாய். ஐந்தாவது தடவை அதில் இருந்தது ஏறியது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தோம், அதற்குப் பிறகு அது படிக்கவே இல்லை. அதன் மேல் M என்று எழுதி ஒட்டியிருந்தாய். முனியாண்டி, மாணிக்கம், மாரியாயி, மேரி. நம் ரப்பர் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் அதில்தான்.

"ஏறிடுச்சில்ல, விடு" என்றாய்.

எல்லாம் முடிந்து நான் போய்ப் பால் இல்லாத தே ஓ டீ கட்டிக்கொண்டு வந்தேன். அதுவரை கம்ப்யூட்டரை எழுப்பிக்கொண்டிருந்த தனி டிஸ்கெட்டை வெளியே எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாய். கறுப்புத் திரையில் ஒரு வரி இங்கிலீஷ். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. திரும்பப் போட்டாய். அதே வரி. டிஸ்கெட்டை உள்ளே வைத்துப் போட்டால் எழுகிறது. இரண்டு பக்கமும் தெரிகிறது, அட்டைகளும் தெரிகின்றன. வெளியே எடுத்தால் பிணம்.

கடை ஆள் வீட்டுக்குப் போன் போட்டாய். பிரித்ததில் தப்பு, எல்லாத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய் என்றானாம். போனை வைத்துவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்பதற்கு ஒரு எழுத்து. உன் விரல் அதன் மேல் இருந்தது.

"ஏய், ஏழாவது டிஸ்கெட்டு?" என்றேன்.

விரலை எடுத்தாய். நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்தாய். M இப்போது அந்தப் புது டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. வேறு டிஸ்கெட்டில் எடுத்து வைக்கலாம் என்றால் வெறும் டிஸ்கெட் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கடையும் இல்லை. இருப்பதில் ஒன்றை அழித்து எழுத உனக்குத் துணிவு வரவில்லை.

"செத்தேன்டி அஞ்சலை" என்றாய். தைலத்தை எடுத்துத் தடவிக்கொண்டாய்.

எனக்கு அந்தப் பெட்டியைப் பற்றி என்ன தெரியும். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் பதினைந்து வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள். ரப்பரை அழித்துத் தோட்டத்தைச் செம்பனை ஆக்கிய வருஷம் வரை வெட்டினேன். நீ தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மகள். மருந்து வாசனையில் வளர்ந்தவள், மரத்தடிக்கு வந்ததில்லை. அதனால் உனக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. ரப்பர் மரத்தையும் இரண்டாகத்தான் பிரிப்பார்கள். ஒரு பக்கத் தோலை வெட்டுவோம், மறுபக்கம் தோல் வளர விட்டுவிடுவோம். எந்தப் பக்கம் என்று எங்களை மேய்க்கும் தண்டல் பெயின்ட்டில் மார்க் போட்டுவிட்டுப் போவார். மார்க் இல்லாத மரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டோம். தப்பான பக்கத்தில் வைத்தால் மரம் கெட்டுப்போகும். மார்க் இல்லை என்றால் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம்.

"ரெண்டா பிரிச்சியே, எந்தப் பக்கத்துக்கு மார்க் போட்ட?" என்றேன்.

"என்ன மார்க்கு?"

"எந்தப் பக்கம் வெட்டணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"இது என்ன பால் மரமா? சும்மா இருலா. நானே செத்துக்கிட்டு இருக்கேன்."

ஆனால் நீ சும்மா இருக்கவில்லை. புத்தகத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தாய். நாலு வேலைகளில் இரண்டாவதை நீ தாண்டிப் போயிருந்தாய். எந்தப் பக்கத்திலிருந்து எழ வேண்டும் என்று சொல்கிற வேலை. இரண்டு என்று தட்டினாய், பிறகு ஒன்று என்று தட்டினாய். திரையில் முதல் பக்கத்துக்கு நேரே ஒரு சின்ன A வந்து நின்றது. டிஸ்கெட்டை எடுத்தாய், அணைத்தாய், போட்டாய்.

எழுந்தது.

முதலில் M-ஐத்தான் திறந்தாய். மாரியாயி, பென்சிலின் ஆகாது. எனக்குப் படித்துக் காட்டினாய். தே ஓ ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தோம்.

மறுநாள் காலை டாக்டர் வந்து, "யாரு சரி பண்ணாங்க?" என்று கேட்டார். நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.

"நானே பாத்துட்டேன் டாக்டர்" என்றாய்.

இரண்டு வாரம் உனக்குத் தே ஓ வாங்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன், பேசவில்லை. "ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாய் ஒரு நாள். ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லை என்றால் சரி என்றாய். அதோடு போயிற்று. துடைக்கிறவள் கம்ப்யூட்டர் பக்கம் நின்றாள் என்று தெரிந்தால் டாக்டர் என்னை நிறுத்திவிடுவார் என்று நினைத்தாயோ, இல்லை உனக்கே அந்தப் பெயர் வேண்டியிருந்ததோ, தெரியாது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த நாட்களில் கேட்டிருக்கலாம். பஸ் கூட்டத்தைப் பற்றியும் ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றியும்தான் பேசினோம். கடைசி நாளில் உன் வயிற்று வலிக்கு நடுவே அதைக் கேட்பது எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஷீலா காத்துக்கொண்டு நின்றாள்.

"மார்க் போடச் சொல்லியிருக்கும்மா" என்றேன். "ரெண்டாவது வேலை. நீ தாண்டிப் போயிருப்ப. முதல் பக்கத்துக்குப் போடு."

போட்டாள். எழுந்தது. "வாவ் அக்கா!" என்று கையைத் தட்டினாள். பிறகு புத்தகத்தை எட்டிப் பார்த்து, "கீழ இன்னொரு வரி இருக்கே, அது என்னக்கா?" என்று கேட்டாள்.

டாக்டருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. கடை ஆளுக்கும் வராது. அந்தக் கிளினிக்கில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் உன்னை விட்டால் நான் ஒருத்திதான். அது தெரிந்துதான் எழுதியிருக்கிறாய்.

*இது அஞ்சலை கேட்டதால் தெரிந்தது.*

"அது ஒண்ணுமில்லம்மா" என்றேன். புத்தகத்தை மூடி அவளிடம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தரையைத் துடைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது விரலை மோந்து பார்த்தேன். தைலம் இருந்தது.