பொத்தான் டப்பாவில் ஒரு பந்து

வெள்ளை ரவிக்கைக்குப் பொத்தான் தேடி டப்பாவைக் கவிழ்த்தேன். அந்தச் சாம்பல் நிற ரப்பர் பந்து உருண்டு வந்தது. முகர்ந்தேன், இன்னும் தேயிலைத் தூசி வாசனை. போன மாதம் நீங்கள் காலமானதாக வண்டிப்பெரியாறு பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள். உங்கள் வீட்டாருக்கு அனுதாபக் கடிதம் எழுதிவிட்டேன். இது உங்களுக்கு.

எஸ்டேட் ஆபீசில் நீங்கள் சூப்பிரண்டு, நான் டைப்பிஸ்ட். முதல் கம்ப்யூட்டர் வந்ததும் என் டைப்ரைட்டரை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினீர்கள். பிழை விடாத என் விரல்கள் மவுசின் மேல் மரத்துப்போயின. திரையில் அம்பு எங்கோ மூலையில் ஒளிந்துகொள்ளும். ஒரு ஜன்னலைத் திறந்தால் முன்னது அடியில் புதைந்துவிடும். மெஷினை அணைக்க 'ஸ்டார்ட்'டை அழுத்த வேண்டும். தவறு செய்வது அது. ஆனால் அது காட்டும் பிழைச் செய்தியின் கீழே இருப்பதோ 'ஓகே' என்ற ஒரே பொத்தான். ஒப்புக்கொள்ள வேண்டியவள் நான். அந்த மெஷினை உங்களைப் பார்த்தே செய்தார்களோ என்னவோ.

"என்ன கான்வென்ட்டம்மா, ரெண்டு தட்டு தட்டத் தெரியல, என்னத்தப் படிச்சீக?" என்று எல்லோர் எதிரிலும் கேட்பீர்கள்.

நம் மேசைக்கடியில் இருந்த கூடை குப்பைக்கானது அல்ல. ஒரு பக்கம் எழுதிய தாள்களை அதில் போட்டுவைத்து, சனிக்கிழமை எடுத்து மறுபக்கத்தில் எழுதுவோம். திரையிலும் ஒரு கூடை இருந்தது. கொழுந்து பறித்து ஓய்வுபெறும் பெண்களின் சர்வீஸ் பட்டியலை, சனிக்கிழமை திருத்தலாம் என்று அதில் போட்டேன். இடத்தை அடைக்கிறதென்று நீங்கள் கூடையைக் காலி செய்தீர்கள். பிறகு மேனேஜரிடம், "அந்தம்மா மூள டைப்ரைட்டரோட நின்னு போச்சு சார்" என்றீர்கள். என்னைத் தபால் மேசைக்கு மாற்றி, மாத முடிவில் வேலையே இருக்காது என்றீர்கள். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் குடியிருந்த குவார்ட்டர்ஸ் அந்த வேலையோடு வந்தது.

மதிய இடைவேளைகளில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, ரிஜிஸ்டர்களைப் பார்த்து முழுப் பட்டியலையும் டைப்ரைட்டரில் மறுபடி அடித்தேன். கார்பன் வைத்து மூன்று பிரதிகள்.

கம்ப்யூட்டரைத் துடைக்கும் வேலையை மட்டும் என்னிடமே விட்டிருந்தீர்கள். அந்தக் கால மவுசின் வயிற்றில் அம்பை நகர்த்தும் ஒரு பந்து இருப்பது துடைப்பவளுக்குத்தானே தெரியும்? ஹெட் ஆபீஸ்காரர்கள் பார்வையிட வந்த காலையில் அது என் கைப்பைக்குள் போனது.

நீங்கள் மவுசைத் தள்ளினீர்கள், தட்டினீர்கள், வாயால் ஊதினீர்கள். அம்பு அசையவில்லை. "இப்ப வந்துரும் சார், இப்ப வந்துரும்." அவர்கள் சர்வீஸ் பட்டியலைக் கேட்டார்கள். மூன்று பிரதிகளையும் நான் எடுத்து வைத்தேன். உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "இன்னும் ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க சார்."

மறுநாள் என் நாற்காலி திரும்பி வந்தது. கோட்டயத்திலிருந்து புது மவுஸ் வந்தது. அன்று அம்பு அசையாததற்கு, ஓய்வுபெறும்வரை நீங்கள் கரண்டையும் மழையையும்தான் பழித்துக்கொண்டிருந்தீர்கள்.

இறந்தவர்களை மன்னிக்க வேண்டுமென்று கன்னியாஸ்திரிகள் சொல்லித் தந்தார்கள். அவர்கள் சொல்லித் தந்த மற்ற எல்லாவற்றையும் கடைப்பிடித்திருக்கிறேன்.

பந்தைத் துடைத்து மேசையில் விட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் உருளுகிறது. மறுபடியும் டப்பாவில் போட்டு மூடினேன்.