லிந்துலை ஏற்றம்

லிந்துலை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு சர்மிளாவுக்கு,

நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உனக்கும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வெள்ளிக்கிழமை கோயிலில் கும்பிட்டேன். தினமும் போனில் பேசிக்கொண்டு இதென்ன புதிதாகக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் பேசும்போது லோஜினி பக்கத்திலேயே நிற்கிறாள். சில விஷயங்களை அவளை வைத்துக்கொண்டு பேச முடியவில்லை. ஹட்டன் றொசானா லீவு முடிந்து இந்தக் கிழமை சைப்ரசுக்குத் திரும்புகிறாள். லிமசோலில் நீ இருக்கும் தெருவுக்குக் கிட்டத்தான் அவளுக்கும் வேலையாம். அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே நம் பெக்டரித் தேயிலையும் அடுத்த வீட்டு வேலாயி அக்கா இடித்த மிளகாய்த் தூளும் இருக்கின்றன.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. சமையலறைப் பக்கம் ஒழுகிய தகரத்தை மாற்றிவிட்டேன். பெக்டரியில் எனக்கு இந்த மாதம் காலை வேலை. அதனால் பின்னேரம் லோஜினி ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் இருக்க முடிகிறது. கணக்கு நன்றாகச் செய்கிறாள். சிங்களம்தான் இழுக்கிறது. போன மாதம் ஒரு பல் விழுந்தது. அதைக் கூரை மேல் எறியும்போது, படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே வந்து வாயைத் திறந்து காட்டி, "ஓட்டைய மட்டும் எடுங்க" என்றாள். உனக்கு வந்த அந்தப் படத்தின் கதை இதுதான்.

இனி, லீவில் வரும்போது எந்தப் போட்டியில் சேரலாம் என்று நீ கேட்ட விஷயம். நீ அனுப்பிய இரண்டு போட்டிகளின் விவரங்களையும் பார்த்தேன். நீந்தி, சைக்கிள் ஓடி, பிறகு கால் ஓட்டம் என்று ஒரே காலையில் மூன்றையும் செய்ய வேண்டும் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அதோடு நீ போனில் எழுதி அனுப்பியிருந்தது மனதில் நின்றது. உங்கள் கடற்கரையில் நடந்த போட்டியை ஞாயிற்றுக்கிழமை லீவில் பார்த்தாய் என்றும், மற்ற எல்லாரும் ஓடி முடித்த பிறகு கடைசியாக ஓடிவந்த பருத்த பெண்ணுக்குத்தான் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது என்றும், அன்றைக்கு உனக்கு அழுகை வந்தது என்றும் எழுதியிருந்தாய். பிலிப்பைன்ஸ் தோழிகளோடு கடலில் நீந்தப் பழகியதைக்கூட இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லையே நீ!

எனக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் லோஜினியின் ஸ்கூலில் பீ.டி. படிப்பிக்கும் அன்டன் சேரிடம் போனேன். அவர் இந்த மாதிரிப் போட்டிகளில் ஓடியிருக்கிறார். முதல் தடவை இறங்குகிறவர்களுக்குச் சைக்கிள் பாதையைவிடத் தண்ணீர்தான் பயம் என்றார். நீர்கொழும்புப் போட்டியில் ரோடு தட்டை, ஆனால் கடலில் நீந்த வேண்டும். அந்த மாதத்தில் அலை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாதாம். நம் பக்கத்துப் போட்டியில் தலவாக்கலையில் ஒரு ஹோட்டல் குளத்தில்தான் நீச்சல். களைத்தால் கரையைப் பிடித்துக்கொள்ளலாம். முடிப்பதற்கும் நிறைய நேரம் கொடுக்கிறார்கள். சைக்கிள்தான் கஷ்டம். தலவாக்கலையிலிருந்து லிந்துலை தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறி, அதே வழியாகத் திரும்ப வேண்டும். அந்த ஏற்றம் உனக்குத் தெரியும். பஸ்ஸே முனகிக்கொண்டுதான் ஏறும்.

முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க பிரதாப். தள்ளிக்கிட்டுப் போனா யாரும் வெளியேத்த மாட்டாங்க" என்றார். தன்னுடைய கியர் சைக்கிளையும் தருவதாகச் சொன்னார். சீட்டைக் கொஞ்சம் இறக்கினால் உனக்குச் சரியாக இருக்கும்.

கேட்டதோடு விட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சைக்கிளை வாங்கிக்கொண்டு வேலை முடிந்து ஒரு நாள் நானே ஏறிப் பார்த்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கி இறங்கிவிட்டேன். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா? "என்னா பிரதாப் தம்பி, சைக்கிளுக்குக் கால் வலிக்குதா?" என்று வேலாயி அக்காதான் முதலில் கத்தினார். மலை முழுக்கச் சிரிப்பு. ஏறுவதைவிட இறங்குவதில்தான் எனக்குப் பயம். ஒரு வளைவில் எப்போதும் தண்ணீர் கசிந்து ரோடு பாசி பிடித்திருக்கிறது. வளைவுக்கு முன்பே பிரேக்கை மெல்லப் பிடிக்க வேண்டும், வளைவில் வைத்துப் பிடிக்கக் கூடாது. அங்கே சாமான் வாங்கச் சைக்கிளில்தானே போகிறாய், இறக்கம் ஏதாவது இருந்தால் இதைப் பழகிக்கொள்.

நீ தட்டைப் பாதை வேண்டும் என்று கேட்டதற்கு ஏற்றம் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். நீர்கொழும்பில் உன்னை யாருக்கும் தெரியாது. இங்கே ரோட்டோரம் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டுக்குப் போன பொம்பளை என்று பேசுகிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். வேலாயி அக்காவே முதலில், "குளிக்கிற உடுப்போட நம்ம புள்ள நாலு பேருக்கு முன்னால நிக்கணுமா?" என்று முகத்தைச் சுளித்தார். கை கால் மூடிய உடுப்பும் போடலாமாம் என்று விளக்கினேன். இரண்டு நாள் கழித்து வந்து, அது எந்த மாதம், வேலை நாளா லீவு நாளா என்று விசாரித்தார். எதற்கு என்று கேட்டேன். "நாங்க வந்து நிக்காம அவ தனியாவா ஏறுவா?" என்று என்னையே திட்டினார்.

ஆனால் நீ பயப்படுவது வேலாயி அக்காவுக்கோ லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கோ இல்லை. போன தடவை நீ வந்தபோது லோஜினி உன்னிடம் ஒட்டவேயில்லை. ராத்திரியில் வேலாயி அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். நீ அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிற அன்றைக்கு அவளுடைய ஸ்கூல் சப்பாத்தைத் துடைத்து, கயிறு கோத்து, கதவடியில் வைத்துவிட்டுப் போனாய். அந்தச் சப்பாத்து இப்போது அவள் காலுக்குப் பற்றாது. ஆனாலும் கொடுக்க விடமாட்டேன் என்கிறாள்.

இதை அவள் முன்னால் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். போன ஞாயிறு நான் மறுபடியும் அந்த ஏற்றத்துக்குக் கிளம்பியபோது அவளும் வருவதாகச் சொன்னாள். மேல் வளைவில் ஒரு மதகுக் கட்டையில் குடையோடு உட்கார்த்தி வைத்துவிட்டு, நான் கீழே போய் ஏறிவந்தேன். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். கிட்டே வந்தபோது அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். களைப்பா என்றுகூடக் கேட்கவில்லை. கீழே ரோடு எங்கேயெல்லாம் தெரிகிறது, எங்கே மரம் மறைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நேற்று சோறு சாப்பிடும்போது, அம்மா எந்தப் போட்டிக்குப் போகிறார் என்று அவளாகவே கேட்டாள். அம்மா கடற்கரைப் போட்டியைத்தான் யோசிக்கிறார், அங்கே ரோடு சுலபம் என்றேன். சோற்றைப் பிசைந்தாள். பிறகு சொன்னாள்: "அங்கன்னா அம்மா சர்ருன்னு போயிருவாங்கப்பா. இங்க மேட்டுல மெதுவாத்தான் வருவாங்க. கீழ் வளைவுல இருந்தே தெரியும். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

நான் குழம்பு காரம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

பேர் கொடுக்க இந்த மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. எந்தப் போட்டி என்று நீதான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் நானும் அவளும் வருவோம். நீ வேலை செய்யும் வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார் என்று சொல்லியிருந்தாய். அதைப் பற்றி இதில் நான் ஒன்றும் எழுதவில்லை. நீ வந்து அந்த ஏற்றத்தில் ஏறி முடித்த பிறகு, மூன்று பேருமாக உட்கார்ந்து பேசிக்கொள்வோம்.

கடலில் ஆழத்துக்குப் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. சாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஏறும்போது அவசரப்படாதே, சர்மி. எவ்வளவு மெதுவாக வந்தாலும் சரி, அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் அன்புக் கணவன்,
பிரதாப்