பார்பிரிட்ஜில் திரும்பவில்லை

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

பெரில் எழுதுவது. நானும் படகும் சுகம். உன் வலது கைகால் இன்னும் சரியாக வரவில்லை, பயிற்சிக்கும் வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாய் என்று நர்ஸ் சொன்னாள். படகை விற்றுவிடு என்று அவளிடம் சொல்லியனுப்பியிருந்தாய். அதன்படி இன்று காலை நான்ட்விச்சில் கயிற்றை அவிழ்த்தேன். பார்பிரிட்ஜில் கால்வாய் பிரியும் இடத்தில் வலப்பக்கம் திரும்பி, படகுத் தரகரின் துறையில் படகை விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. ஓட்ட ஆள் அனுப்புகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன்.

முப்பது வருஷமாக நீ சுக்கான் பிடித்தாய், நான் இறங்கி மதகுக் கதவைத் தள்ளினேன். கால்வாயில் எல்லாப் படகிலும் அப்படித்தானே. ஆண்பிள்ளை நின்றபடி டீ குடிப்பான். இன்றைக்குத்தான் சுக்கானைத் தொட்டேன். தள்ளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் படகு திரும்பும் என்பதை மறந்து, இடப்பக்கம் போகவேண்டும் என்று இடப்பக்கமே தள்ளித் தொலைத்தேன். படகு வலது கரையில் போய் முட்டிக்கொண்டது. எதிரே நம் பக்கத்துப் படகு டென்னிஸ் வந்தான்.

"என்ன பெரில், படகைப் புல்லு மேய விட்டிருக்கியா? கிளிஃபர்ட் பாத்தா மறுபடி படுத்துக்குவான்" என்றான்.

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா" என்றேன். ஆனாலும் கழியால் என் படகைக் கரையிலிருந்து தள்ளிவிட்டுத்தான் போனான்.

அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. கரையில் நாயோடு நடந்தவர்களெல்லாம் என்னை முந்திப் போனார்கள். நல்ல வெயில். ஒரு கையால் சீஸ் சாண்ட்விச் தின்றேன். இத்தனை சுகமான வேலையை இத்தனை வருஷம் நீயே வைத்துக்கொண்டாயே என்று உன்மேல் கோபம் வந்தது.

பார்பிரிட்ஜ் வந்தது. ஹாரன் அடித்தேன், வேகத்தைக் குறைத்தேன். படகைத் திருப்பவில்லை. யோசித்து முடிவு செய்தேன் என்று சொல்லமாட்டேன், கை தள்ளவில்லை. நேரே செஸ்டர் வழியில் வந்துவிட்டேன். பன்பரி மதகில் இன்னொரு படகுக்காரி எனக்கும் சேர்த்துக் கதவைத் தள்ளினாள். அவள் புருஷன் டீ குடித்துக்கொண்டிருந்தான். நானும் குடித்தேன்.

தரகருக்குப் போன் செய்தேன். கத்தினார். கத்தட்டும்.

நாளை மறுநாள் செஸ்டருக்கு வந்து படகைக் கட்டிவிடுவேன். உன் வார்டுக்கு பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். நீ சுக்கான் பிடிக்க வேண்டாம், கேட்டாலும் தரமாட்டேன். முன்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் ஓட்டுவதைத் திட்டிக்கொண்டே வா. அதற்குக் கரையிலிருந்து படகுக்குள் ஓரடி எடுத்து வைக்கவேண்டும். அதை மட்டும் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொள்.

ஓட்ட எனக்கு வந்துவிட்டது, கிளிஃபர்ட். தனியாக ஓட்ட மனசில்லை. நாளைக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் எழுந்து போ.

உன்,
பெரில்