அட்ரீனலுக்கு நீதான், அக்கா

பெர்கன்,
நார்வே,
8 அக்டோபர் 1967

அன்புள்ள போர்கில் அக்காவுக்கு,

நீ பின்னி அனுப்பிய காலுறை வந்தது. விடுதியில் எல்லோருக்கும் என்மேல் பொறாமை.

நர்ஸிங் பள்ளியில் இப்போது நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். எலும்பையும் தசையையும் தொட்டுப் பார்த்துப் படித்துவிட்டேன். இவற்றைத் தொடவா முடிகிறது? புத்தகத்தை மூடினால் எல்லாம் பறந்துவிடுகிறது. போன தேர்வில் கோட்டை விட்டேன். டிசம்பரிலும் விட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

நேற்றுதான் ஒரு வழி தோன்றியது. ஒவ்வொரு சுரப்பியிலும் நம் தீவுக்காரர் ஒருவரைக் குடிவைக்க ஆரம்பித்துவிட்டேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருந்துகொண்டு மற்றச் சுரப்பிகளை எல்லாம் ஆட்டிவைக்கிறதே, அது தபால் ஆபீஸ் யூஹன்னா. நாற்காலியை விட்டு எழாமலே ஊரை வேலை வாங்குபவள் அவள்தானே? தைராய்டில் யென்சினா சித்தி. ஒரு இடத்தில் உட்காரமாட்டாள், தட்டுத் தட்டாகச் சாப்பிடுவாள், உடம்பில் ஒட்டாது. அது அதிகமாகச் சுரந்தால் அப்படித்தான் ஆகுமாம்!

இன்னும் பல வீடுகள் காலி. ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

உன்,
ஒட்னி


தீவு வீடு,
25 அக்டோபர் 1967

தங்கமே ஒட்னி,

யென்சினா சித்தி காதில் விழுந்தால் உன் தோலை உரித்துவிடுவாள். ஜாக்கிரதை.

அப்பா வலை பின்னுகிறார், இருமுகிறார், வானொலியோடு சண்டை போடுகிறார். ஆக, நலம். எனக்குக் கொஞ்சம் அலுப்பு. கிடங்கில் மீனுக்கு உப்பு போடுகிற வேலை உனக்குத் தெரியாததா? இப்போது புதிதாக உப்புப் பைத்தியம் வேறு பிடித்திருக்கிறது. மீனுக்கு வைத்ததை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "ஏம்மா போர்கில், மீனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பியா?" என்றார். கிடங்கே சிரித்தது.

இன்னொரு வேடிக்கை. கோடையில் பாறையில் மீன் காயப்போட்டபோது கறுத்த மேனி இன்னும் வெளுக்கவே இல்லை. உள்ளங்கை ரேகைகூட மை தடவியதுபோல இருக்கிறது. "யாருக்கும் சொல்லாம ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்ஞ்சுட்டு வந்தியாடி?" என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. பாவாடையெல்லாம் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. டாக்டர் படகு வந்தபோது காட்டினேன். "நரம்புத் தளர்ச்சிம்மா, நல்லாத் தூங்கு" என்றார்.

நீ இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே, படி. வசந்தத்தில் உன் தலையில் நர்ஸ் தொப்பி வைக்கும் நாளில் முதல் வரிசையில் நான் இருப்பேன்.

அக்கா


பெர்கன்,
19 நவம்பர் 1967

என் செல்ல அக்கா,

நீ செய்த உதவி உனக்கே தெரியாது! அட்ரீனலுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தது, வேலை முடிந்தது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி அது. சுரப்பது நின்றுபோனால் அலுப்பு வரும், உடம்பு இளைக்கும், எழுந்தால் தலை சுற்றும், தோல் கறுக்கும், உப்பைத் தேடி நாக்கு அலையும். புத்தகத்தில் படித்தால் மறந்துவிடுகிறது. கிடங்கில் நின்று நீ உப்பு மெல்வது மறக்குமா?

போன வாரம் வாய்மொழித் தேர்வில் கடகடவென்று சொன்னேன். "எப்படிம்மா ஒண்ணுகூட விடாம சொன்னே?" என்று டீச்சர் கேட்டார். "எங்க அக்காவை நினைச்சுக்கிட்டேன், டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

நீ பயந்துவிடாதே. உன்னுடையது வேலை அலுப்பு. நர்ஸிங் படிக்க வருகிறவர்களுக்குக் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் நோய் இருப்பதாகத் தோன்றுமாம். அந்தப் பைத்தியக்காரத்தனம் கூடாது என்று முதல் நாளே எச்சரித்துவிட்டார்கள்.

பெரிய தேர்வு டிசம்பர் 15. எனக்காக வேண்டிக்கொள்.

ஒட்னி


தீவு வீடு,
3 டிசம்பர் 1967

ஒட்னிக் குட்டி,

கடைசியில் என்னையே பாடமாக்கிவிட்டாய்! கிடங்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மேஸ்திரி என்னை இப்போது "அட்ரீனல்" என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சுரப்பி நின்றுபோனவர்களுக்கு அப்புறம் என்ன ஆகும்? அதை மட்டும் நீ எழுதவில்லை. சும்மாதான் கேட்கிறேன்.

படகுத்துறை மேட்டில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஊரில் காய்ச்சலும் வாந்தியுமாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. டாக்டர் படகு இனி கிறிஸ்துமஸ் கழிந்துதான்.

தேர்வை வைத்துக்கொண்டு பதில் எழுத உட்காராதே. முடித்துவிட்டு எழுது, போதும்.

அக்கா


பெர்கன்,
15 டிசம்பர் 1967

அக்கா,

உடனே ஏதாவது ஒரு படகு பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் படகுக்காகக் காத்திருக்காதே. என்னென்ன சோதிக்க வேண்டும் என்று டீச்சர் தன் கையால் எழுதிய சீட்டு உள்ளே இருக்கிறது. அதைக் காட்டு.

இன்று தேர்வில் அட்ரீனல்தான் வந்தது. எழுதிக்கொண்டே போனேன். சாதாரணக் காய்ச்சல், வாந்தி வந்தாலே இந்த நோயாளிகள் ஒரே நாளில் விழுந்துவிடக்கூடும் என்றும் எழுதினேன். கடைசிக் கேள்வி: "எனக்கு அப்புறம் என்ன ஆகும் என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

நீ கேட்ட அதே கேள்வி. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, தேர்வு முடியட்டும் என்று புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

டீச்சரிடம் ஓடிப்போய் எல்லாம் சொன்னேன். "யாரும்மா இந்த நோயாளி? எந்த வார்டு?" என்றார். "வார்டுல இல்ல டீச்சர், எங்க அக்கா." இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

யூஹன்னாவுக்கு ஃபோன் போட்டுப் பார்த்தேன். புயலில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். கிறிஸ்துமஸ் கூட்டம், இன்றைய கப்பலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கடிதம் முன்னால் வருகிறது, அடுத்த கப்பலில் நான் வருகிறேன். பயப்படாதே. இதற்கு மாத்திரை இருக்கிறது. தினமும் சாப்பிட்டால் நீ கிழவியாகும்வரை இருப்பாய். அதுதான் உன் கேள்விக்குப் பதில்.

ஒட்னி


பெர்கன்,
12 மே 1968

அக்கா,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

நான் வந்து இறங்கியபோது உன்னைத் தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். என் கடிதத்தை அப்பா பிரிக்காமல் என் கையில் கொடுத்தார். நீ போன மறுநாள் வந்ததாம். "ஊர்ல எல்லாருக்கும் வந்த காய்ச்சல்தாம்மா. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க" என்றார். அது வெறும் காய்ச்சல் இல்லை என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

தேர்வில் நான்தான் முதல். தொப்பி வைத்தபோது முதல் வரிசையில் அப்பா இருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் தொப்பியை வைத்துக்கொண்டு யாரையும் உட்கார விடவில்லை.

நேற்று புதிய மாணவிகளுக்கு என் படிப்பு முறையைச் சொல்லித்தரச் சொன்னார்கள். யூஹன்னாவைச் சொன்னேன், யென்சினா சித்தியைச் சொன்னேன், சிரித்தார்கள். அட்ரீனல் வந்ததும் நின்றுவிட்டேன்.

"அங்க யாரு இருக்காங்கக்கா?" என்றாள் ஒரு பெண்.

"எங்க அக்கா" என்றேன்.

உன் அலுப்பு, உப்பு, கறுத்த கை எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

நவம்பரில் நான் உனக்கு அவ்வளவு நீளக் கடிதம் எழுதினேனே அக்கா. அதை மட்டும் நான் கேட்கவே இல்லை.

உன்,
ஒட்னி